ஹாரல்ட் லோவின் ஈறுநோய் ஆய்வுகள்

ஹாரல்ட் லோ (1926–2008) நார்வேயில் பிறந்த பல் மருத்துவ ஆய்வாளர். பல்லில் படியும் பாக்டீரியாப் படலமே ஈறு அழற்சியை உண்டாக்குகிறது என்பதை மனிதர்களிடமே சோதித்துக் காட்டியவர். அவருடைய மிக நீண்ட ஆய்வின் ஒரு பாதி நடந்தது இலங்கை மலையகத்தில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடையே. ஈறுநோய்ப் பாடநூலைப் புரட்டும் பல் மருத்துவ மாணவர் ‘8, 81, 11’ என்ற சதவீதக் கணக்கைச் சந்திப்பார். அது அந்த மலையகத்தின் பூண்டுலோயாப் பக்கத்து லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வந்த கணக்கு.

பல் அழுக்கில் நெளியும் நுண்ணுயிர்களை டச்சு நுண்நோக்கியாளர் லேவன்ஹூக் 1683இலேயே பார்த்து, லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிவிட்டார். பார்த்தது வேறு, அவைதான் நோய்க்குக் காரணம் என்று நிறுவுவது வேறு. இந்த இடைவெளியை அடைக்க ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆயின.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் லோ குழுவினர் செய்து 1965இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. படலத்தை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்ததில், முதலில் உருண்டை பாக்டீரியா, அப்புறம் இழை வடிவின, கடைசியில் சுருள் உயிரிகள் என்று வரிசையாகக் குடியேறியது தெரிந்தது.

அளக்கும் முறையும் இவர்கள் கொடுத்ததுதான். சக ஆய்வாளர் சில்னெஸுடன் லோ வகுத்த குறியீட்டில், படலமே இல்லாவிட்டால் 0. கண்ணுக்குத் தெரியாமல் கருவியால் சுரண்டினால் மட்டும் ஒட்டிவந்தால் 1, வெறுங்கண்ணுக்கே தெரிந்தால் 2, அப்பிக் கிடந்தால் 3. ஈறுக்கும் இப்படியே ஓர் அளவு உண்டு. கருவி பட்டதும் ரத்தம் கசிந்தால் 2.

1969இல் ஆஸ்லோவில் 565 படித்த ஆண்களிடமும், 1970இல் இலங்கையில் டன்சினன், ஹரோ தோட்டங்களின் 480 ஆண் தொழிலாளர்களிடமும் லோ இதே அளவுகோலோடு போனார். தோட்டத்தவர் தூரிகை கொண்டு துலக்கும் வழக்கம் இல்லாதவர்கள். பல் மருத்துவரும் அவர்களுக்கு எட்டாதவர். எல்லோர் வாயிலும் படலமும், அது இறுகிக் கெட்டியான காரையும் ஏராளம், சொத்தை மட்டும் அனேகமாக இல்லை. எனவே விழுந்த பல்லெல்லாம் ஈறுநோயால் விழுந்தது என்று துணிந்து சொல்ல முடிந்தது.

தோட்டத்தவரை 1985 வரை தொடர்ந்து பரிசோதித்தபின் 1986இல் வெளியான முடிவுதான் ஆய்வின் உயிர். அழுக்கு எல்லோருக்கும் ஒன்றுபோல, ஈறு அழற்சியும் அனேகமாக எல்லோருக்கும். ஆனால் விளைவு ஒன்றாக இல்லை. சுமார் 8 சதவீதத்தினருக்குப் பல்லின் பிடிமானம் வேகமாக அழிந்து, 45 வயதில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. 81 சதவீதத்தினர் அதே வயதுக்குள் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தனர். மீதி 11 சதவீதத்தினருக்கு நோய் ஈறைத் தாண்டி இறங்கவே இல்லை. பாக்டீரியா இல்லாமல் நோய் இல்லை, ஆனால் பாக்டீரியா மட்டுமே போதாது என்பது இங்கே கண்கூடானது. எந்த பாக்டீரியா, யாருடைய உடல் என்று கேள்வி திரும்பியது. 1998இல் சோக்ரான்ஸ்கி குழுவினர் போர்ஃபிரோமோனஸ் ஜின்ஜிவாலிஸ் உள்ளிட்ட மூன்று பாக்டீரியாக்களைச் ‘சிவப்புத் தொகுதி’ என்று பிரித்துக் காட்டினர். நீரிழிவின் ஆறாவது சிக்கல் ஈறுநோய் என்று லோவே 1993இல் எழுதினார்.

480 பேரில் 1985 பரிசோதனைக்கு எஞ்சியவர்கள் 161 பேர். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி மலையகத் தமிழர் பெருந்தொகையாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதும், தமிழர்மீதான 1977, 1983 வன்முறைகளும் இந்த ஆண்டுகளில்தான் என்பதை ஆய்வைப் படிப்போர் மறக்கலாகாது. துலக்கினால் ஈறு தேறும் என்று 1965இலேயே தெரிந்திருந்த நிலையில், தொழிலாளரின் நோயை அதன் போக்கில் விட்டுப் பார்த்தது இன்று உறுத்துகிறது. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்கு எளிதில் ஒப்புதல் தராது.

2010இல் பழையவர்களில் 75 பேரை ஆய்வாளர்கள் மறுபடி தேடிப் பரிசோதித்தனர். 40 ஆண்டுகளில் ஈறுநோயால் அவர்கள் இழந்தது சராசரியாக 13.1 பற்கள். சிலருக்கு ஒன்றுகூட விழவில்லை. சிலருக்கு 28 பற்களும் போயிருந்தன. நோய் தொடங்குவதோடு புகைபிடித்தலுக்கும் காரைக்கும் தொடர்பு தெரிந்தது. 30 வயதில் பிடிமான இழப்பு சராசரியாக 1.81 மில்லிமீட்டருக்குள் இருந்தவர்களே 60 வயதில் குறைந்தது 20 பற்களோடு இருக்க அதிக வாய்ப்புப் பெற்றிருந்தனர்.