ஊரார் எழுப்பிய பள்ளி

செஞ்சிக்கு அருகிலுள்ள தளவானூரில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உண்டு. சத்துருமல்லேசுவராலயம் என்னும் பெயரால் அம்மன்னனின் விருதுப்பெயரை அது 7ஆம் நூற்றாண்டு முதல் தாங்கி நிற்கிறது. செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றிலோ அதனினும் பழைய கல்வெட்டொன்று, 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமணத் துறவியைக் குறிக்கிறது. அவரை அக்கல்வெட்டு ஆசிரியர் என்றே சுட்டுகிறது. சமணத் துறவியரின் உறைவிடம் பள்ளி எனப்பட்டது. அங்கே கற்பித்தலும் நிகழ்ந்தமையால் அச்சொல் கல்விச்சாலைக்கு உரியதாயிற்று என்பர் அறிஞர். அரசன் பெயரையும் ஆசிரியர் பெயரையும் பாறை காத்து வைத்துள்ள இவ்வட்டாரத்தில், தம் பிள்ளைகளுக்காகப் பள்ளி எழுப்பிய பெற்றோரின் பெயரை எங்கே தேடுவது? அவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாக ஆளுநர் தாமஸ் மன்றோ 1826ஆம் ஆண்டில் பதிவு செய்தார். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெற்றோர் தந்த ஊதியத்தால் நடந்த திண்ணைப் பள்ளிகள். அரசின் கை அவற்றில் இல்லை. ஊர்ச் சமுதாயம் தானே தாங்கிய கல்வி என இதனைப் போற்றுவோர் உளர். போற்றலாம், ஆயின் அத்திண்ணையில் ஏற இயலாத சேரி மக்கள் அந்த 'ஊர்' என்னும் சொல்லுக்குள் அடங்கவில்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

அவர்களுக்கெனப் பள்ளி வந்தது பெரும்பாலும் மிஷன் வழியாகவே. திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்வது குறித்து லீப்சிக் மிஷனோடு மாறுபட்டுப் பிரிந்த கார்ல் ஓக்ஸ், 1861ஆம் ஆண்டு தென்னாற்காட்டின் மேல்பட்டாம்பாக்கத்தில் பணி தொடங்கினார். திண்டிவனம் பகுதியில் அமெரிக்க ஆற்காட்டு மிஷன் உழைத்தது. சிற்றூர்களில் வாரநாட்களில் பள்ளியாகவும் ஞாயிறன்று ஆலயமாகவும் பயன்பட்ட மண்சுவர்க் கூரைக் கட்டடத்தை நம் வாசகர் நன்கறிவர். உபதேசியாரே அங்கு வாத்தியார். மாடு மேய்க்கும் சிறுவனைப் பள்ளிக்கு அனுப்புவதென்றால் அவன் ஈட்டும் கூழையும் இழந்து, பண்ணையாரின் சினத்தையும் ஏற்கவேண்டும். அவ்விலையைக் கொடுத்தவர்கள் பெற்றோரே. எனினும், பள்ளி யாருடையது என்னும் வினாவுக்கு அன்று கிடைத்த விடை 'மிஷனுடையது' என்பதுதான். மிஷன் பள்ளிக்கூடம் என்ற வழக்கே அதற்குச் சான்று. பிள்ளையையும் பிடியரிசியையும் தந்த தாய்க்கு, பள்ளி எவ்வாறு நடத்தப்படவேண்டும் எனச் சொல்லும் இடம் தரப்படவில்லை.

இந்நிலையில் ஒரு பெரும் மாற்றம் 1950களில் நிகழ்ந்தது. முதலமைச்சர் காமராசரின் ஆதரவோடு, கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊராரைத் தேடிச் சென்றார். 1956ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் பகலுணவுத் திட்டம் கொடையாளரின் துணையோடு தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அரசு பங்கேற்றது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்கு 10 காசு என்று கணக்கு. 6 காசு அரசு தர, எஞ்சிய 4 காசு ஊரார் பொறுப்பு. இந்த 4 காசுதான் வரலாற்று மாணவன் கூர்ந்து நோக்கவேண்டியது. அது வெறும் நிதிப்பங்கீடன்று. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் தலைமையாசிரியர் நிற்கவும், அடுப்பின் புகையைக் கண்டு பள்ளியின் நிலையை ஊர் அறியவும் அதுவே காரணமாயிற்று.

1958ஆம் ஆண்டு அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. அடுத்த சில ஆண்டுகளில் இத்தகைய மாநாடுகள் நூற்றுக்கு மேல் நடந்தன. ஆசிரியர் முதலில் பள்ளியின் குறைகளைப் பட்டியலிடுவார். பின்னர் ஊர் கூடி, ஒவ்வொரு குறையையும் ஒருவரோ சிலரோ ஏற்பர். கட்டடம், கிணறு, பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம் என வந்த நன்கொடைகள் கோடிக்கணக்கான ரூபாய் மதிப்பின. தொடக்கப்பள்ளிகள் பல நடுநிலைப்பள்ளிகளாக உயர்ந்த காலமும் அதுவே. எட்டாம் வகுப்பு வரை நடந்துசெல்லும் தொலைவில் பள்ளி கிடைத்ததால், பெண்பிள்ளைகளின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடாதிருக்க வழி பிறந்தது.

1982ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் வந்தது. ஊரின் 4 காசுக்குத் தேவை இல்லாமற் போயிற்று. இதனைக் குறைகூறல் தகாது. பிள்ளையின் பசியை ஊரின் விளைச்சலுக்கும் மனநிலைக்கும் விட்டுவைக்க முடியாது. ஆயினும், கொடுக்கும் கடமை நீங்கியபோது கேட்கும் பழக்கமும் உடன் நீங்கிற்று என்பதே என் கருத்து.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அப்பழக்கத்தை உரிமையாகத் திருப்பித் தர முயன்றது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 2022ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டின் மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவரும் சேர்க்கப்பட்டனர். அதற்குச் சற்று முன்னர், 2021 அக்டோபரில், பெருந்தொற்றால் கல்வி தடைப்பட்ட பிள்ளைகளுக்கென இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது தளவானூர் அமைந்த இதே விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் பகுதியில்தான். அவ்வவ்வூர்த் தன்னார்வலர் மாலைவேளைகளில் வீட்டு முற்றங்களில் பாடம் சொல்லித் தந்தனர். திண்ணை மீண்டும் வந்தது எனலாம், இம்முறை சேரியிலும்.

நம் பள்ளிகளின் நிலை வேறு. சிறுபான்மையினர் பள்ளிகளில் மேலாண்மைக் குழு ஆலோசனை கூறும் அளவினது என 2012ஆம் ஆண்டின் திருத்தம் வரையறுத்தது. 2014 மே மாதம் பிரமதி வழக்கில் உச்சநீதிமன்றம் அப்பள்ளிகளை அச்சட்டத்தினின்றே விலக்கிற்று. அத்தீர்ப்பைக் குறித்து 2025ஆம் ஆண்டு அந்நீதிமன்றத்தின் அமர்வொன்றே ஐயம் எழுப்பியுள்ளது. விலக்கு நம் உரிமையைக் காக்க வந்தது. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் மண் சுமந்து நம் முதற் பள்ளிகளை எழுப்பியோரின் பேரப்பிள்ளைகள், அடுத்த தெருவிலுள்ள அரசு நடுநிலைப்பள்ளியின் குழுவில் தலைவராக அமரமுடிகிறது. திருச்சபை நடத்தும் பள்ளியில் அவர்களுக்கு ஒரு நாற்காலி இடுவதா என்பது இப்போதைக்குத் திருமண்டலத்தின் கல்விக் குழு மட்டுமே முடிவு செய்யும் காரியமாக உள்ளது.