தொப்பிப் பெட்டியில் ஒரு பிறந்தநாள் கேக்

"அவருக்குச் சலரோகம், இனிப்பு வையாதேங்கோ." எங்கள் கொண்டாட்டங்களில் இந்தக் குரல் கேட்காத பந்தி இல்லை. அக்கறையில் எழுகிற குரல்தான். ஆனால் அதன் பின்னால் இருநூறு ஆண்டுகளைத் தாண்டிய ஒரு மருத்துவ வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் இரண்டு பெரிய திருப்பங்கள், எங்களில் பலர் வந்து குடியேறிய ரொறன்ரோவோடு தொடர்புடையவை.

1797இல் ஸ்கொட்லாந்துப் படை மருத்துவர் ஜோன் றொலோ, கப்டன் மெரிடித் என்ற நோயாளிக்கு இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த உணவைக் கொடுத்துப் பலன் கண்டதாக நூல் எழுதினார். மருந்தில்லாத காலத்தில் உணவை விலக்குவது ஒன்றே வழியாக இருந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க மருத்துவர் பிரெடெரிக் அலன் அதை எல்லைவரை கொண்டுபோனார். அவருடைய நோயாளிகளுக்குக் கிடைத்தது பட்டினியும், மாச்சத்துப் போகும்படி மூன்று தரம் அவித்து நீர் வடித்த மரக்கறியும்தான்.

அவர்களில் ஒருத்தி எலிசபெத் ஹியூஸ், அமெரிக்க அரசியல்வாதி சார்ள்ஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள். 11 வயதில் நோய் கண்டது. அவளுடைய பிறந்தநாள் கேக், நிறக் காகிதம் சுற்றி மெழுகுதிரி ஏற்றிய ஒரு வெறும் தொப்பிப் பெட்டி. 1922 ஓகஸ்டில் தாய் அவளை ரொறன்ரோவுக்குக் கூட்டி வந்தபோது எடை ஏறக்குறைய 45 இறாத்தல். முந்திய ஆண்டுதான் பன்டிங்கும் பெஸ்ட்டும் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் இன்சுலினைக் கண்டறியும் ஆய்வைத் தொடங்கியிருந்தார்கள். 15ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்கையில் பன்டிங் அவளுக்கு ஊசி போடத் தொடங்கினார். எலிசபெத் 1981வரை, 73 வயதுவரை வாழ்ந்தார்.

இன்சுலின் வந்தும் இனிப்பு மீதான தடை முற்றாக நீங்கவில்லை. சீனி சின்ன மூலக்கூறு, உடனே இரத்தத்தில் ஏறும்; சோறும் பாணும் மெல்லச் சமிக்கும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. கணினித் துறையில் இருக்கும் எனக்கு இது நன்கு பழக்கமான காட்சி. ஏன் எழுதினார்கள் என்பதே மறந்துபோன ஒரு பழைய விதி நிரலுக்குள் கிடக்கும். கைவைக்கப் பயந்து எல்லோரும் அதை அப்படியே விட்டுவைப்பார்கள்.

அந்த விதியைச் சோதித்துப் பார்த்தவர் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ். அவரும் சகாக்களும் 62 உணவுகளையும் சீனி வகைகளையும் ஆட்களுக்குக் கொடுத்து இரத்தச் சர்க்கரையை அளந்தார்கள். குளுக்கோசை 100 என்று வைத்து 1981இல் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் வெள்ளைச் சோறு 72, வெள்ளைப் பாண் 69, சாதாரண சீனி 59, ஐஸ்கிறீம் 36. எங்கள் தட்டின் நடுவில் குவிந்திருந்த சோறு, ஓரத்தில் வைக்க மறுத்த இனிப்பை முந்தி நின்றது! 1994இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் தன் பரிந்துரையை மாற்றியது: மாச்சத்து எதிலிருந்து வருகிறது என்பதைவிட மொத்தம் எவ்வளவு என்பதே முக்கியம்.

இதை ஐஸ்கிறீமுக்கான அனுமதிச் சீட்டாக எடுக்கக்கூடாது. அதிலுள்ள கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதிக்கிறது, அதனால் எண் குறைகிறது. ஆனால் கொழுப்புக்கும் கணக்கு உண்டு. அந்த எண்கள் ஒரே அளவு மாச்சத்தை ஒப்பிட்டவை. எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவை சொல்வதில்லை. "சீனி சேர்க்காதது" என்று எழுதிய பிஸ்கற்றில் மா அப்படியே இருக்கிறது. எங்கள் நம்பிக்கைகளும் இதே சோதனைக்கு உட்பட்டவை. பனங்கட்டியின் பெரும்பகுதி சீனியிலுள்ள அதே சுக்குரோசுதான். குரக்கனில் நாரும் கல்சியமும் உண்டு, கூடவே நிறைய மாச்சத்தும் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கிண்டிவிட்டு "இது ஒன்றும் செய்யாது" என்று பரிமாறுவது ஆபத்து.

என் அம்மாவுக்கு உணவியலாளர் சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது: இனிப்பைக் கூட்டாதே, மாற்று. நல்லநாளில் அவர் சோற்றில் இரண்டு அகப்பை குறைப்பார். சீனி மட்டாகப் போட்ட பயற்றம் பாயாசம் அரைக் கிண்ணம் எடுப்பார். இரண்டு மணித்தியாலம் கழித்து விரலில் குத்திப் பார்த்து, எண்ணைக் கொப்பியில் எழுதுவார். ஒருவருக்குச் சரிவந்த அளவு இன்னொருவருக்குச் சரிவராது. எனவே அவரவர் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

பந்தியில் மறுக்கப்பட்டவர்களில் சிலர் பிறகு குசினிக்குள் போய் ஒளித்துத் தின்பதை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். அப்படித் தின்ற லட்டு எந்தக் கொப்பியிலும் ஏறாது. அடுத்த கொண்டாட்டத்தில் அவரைக் கேட்காமலே இனிப்புத் தட்டை நகர்த்திக்கொண்டு போகாதீர்கள். "எவ்வளவு வைக்க?" என்று அவரிடமே கேளுங்கள். சோற்றுக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்.