பொடிமீனும் பாசிப்பாட்டமும்

புறநானூற்றில் பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனை எண்ணிப் பாடிய பாட்டை நடத்தச் செல்லும்போதெல்லாம், நட்பைப் பற்றிப் பேசும் ஆயத்தத்துடனேயே வகுப்புக்குள் நுழைவோம். மாணவர்கள் கேட்பது வேறாக இருக்கும். குமரித்துறையில் அயிரையை மேய்ந்துவிட்டு வடக்கே பறக்கும் அன்னச்சேவலிடம்தானே புலவர் தூது சொல்கிறார். அந்த அயிரை என்பது என்ன என்பார்கள். நாம் பணியில் சேர்ந்த புதிதில் இக்கேள்விக்கு ஆசிரியர் விடை சொல்ல வேண்டியிருந்ததில்லை. ‘எங்கூரு ஏரியில கெடக்குமுங்க சார், கொழம்பு வெச்சா அப்படி இருக்கும்’ என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்துவிடும். சேலம், நாமக்கல் பக்கத்துச் சிற்றூர்ப் பிள்ளைகள்தாம் இன்றும் அவ்வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். அந்தக் குரல்தான் வருவதில்லை.

அயிரை சங்கப் பாடல்களில் ஓரிடத்தில் மட்டும் தலைகாட்டும் மீன் அன்று. குறுந்தொகையில் பரணர், கீழ்க்கடற்கரையில் இருக்கும் சிறகு தளர்ந்த முதிய நாரை ஒன்று, மேற்கே சேரனின் தொண்டித்துறையில் உள்ள அயிரைக்கு ஏங்குவதைக் காட்டி, எட்டாதவளை விரும்பி வருந்தும் நெஞ்சுக்கு அதனை உவமையாக்குகிறார். விரல் நீளமே உள்ள ஒரு மீன் எட்டாத இன்பத்துக்கு ஒப்பாக நிற்கிறது. இன்று அந்த நாரையின் நிலையில்தான் நாம் இருக்கிறோம். ஊர் நினைவுகளை எழுதுவோர் பலரும் அந்த ஏக்கத்தைப் பாடிவிட்டு, பாட்டியின் கைப்பக்குவம் போயிற்று என்று முடித்துக்கொள்கிறார்கள். போனது கைப்பக்குவம் மட்டுமன்று என்பதே நம் கட்சி.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். 1997 சனவரி முதல் நாளில் நாமக்கல் தனி மாவட்டமாகும்வரை இரண்டும் ஒரே சேலம் மாவட்டமாகவே இருந்தன. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் எல்லை கட்டிய இச்சமவெளியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு காவிரி போகிறது, நடுவே வருவதில்லை. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபோதும் அதன் நீர் பெரும்பாலும் தஞ்சைக் கழனிகளையே நோக்கிச் சென்றது. 1955இல் கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்கள் வந்த பின்னும், இன்றைய சேலம், நாமக்கல், ஈரோடு மூன்றிலுமாகப் பாசனம் பெற்றது 45,000 ஏக்கரே. எஞ்சிய நிலமெல்லாம் ஏரியையும் கிணற்றையும் வானத்தையும் நம்பியது. கடலோ நூறு மைலுக்கு அப்பால். அங்கிருந்து சந்தைக்கு வந்து சேர்ந்தது கருவாடுதான். ஆற்று மீன் காசு கொடுத்து வாங்குவது. காசில்லாமல் கைக்குக் கிடைத்த மீன் ஒன்றே ஒன்றுதான்: ஏரி நிரம்பி வழியும்போது வாய்க்காலில் இறங்கி வயலுக்குள் ஓடும் பொடிமீன்.

ஐப்பசி மழையில் ஏரி கோடி விழுந்தது என்ற செய்தி வந்தால் ஊரே கரையில் நிற்கும். புதுநீரை எதிர்த்து மீன் ஏறும். பறி உள்ளவர் வாய்க்காலின் குறுக்கே பறி வைப்பார். இல்லாதவர் பழைய வேட்டி ஒன்றை இருவராகப் பிடித்து வடிப்பார்கள். அயிரை, பொடிக்கெண்டை, ஒன்றிரண்டு ஆரால், கையைக் குத்தும் கெளுத்திக்குஞ்சு என்று எல்லாம் கலந்து வரும். எங்கள் அம்மாயி அயிரையை உயிரோடே சட்டி நீரில் விட்டு ஓர் இரவு வைப்பார். வயிற்று மண்ணை அது தானே கக்கிவிடும். மறுநாள் கல்லுப்பைப் போட்டு மண்சட்டியின் சொரசொரப்பில் உரசி, நுரை அடங்கும்வரை ஏழெட்டுத் தண்ணீர் மாற்றுவார். பொடிக்கெண்டைக்குச் சாம்பல், செதில் போனபின் நகத்தால் வயிற்றைக் கிள்ளிப் பிதுக்கினால் வேலை முடிந்தது. அரிவாள்மனைக்கு அங்கே வேலையில்லை.

சின்ன வெங்காயமும் வரமிளகாயும் மல்லியும் சீரகமும் அம்மியில் அரைபடும். நல்லெண்ணெயில் வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து, புளி கரைத்து ஊற்றி, குழம்பு கொதித்துச் சுண்டி வரும்போதுதான் மீனைப் போடுவார். அதன்பின் இரண்டு கொதி. கரண்டி போடக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஆட்டிவிட வேண்டும். அன்று அது சோற்றுக்கு. மறுநாள் காலையில் ராகிக்களியில் குழி பறித்து ஊற்றினால்தான் அதன் முழுச் சுவை. தலையும் வாலும் முள்ளும் ஒரே வாயில் போகும். முள் எடுத்து ஊட்ட வேண்டிய வயதுப் பிள்ளைக்கும் அயிரை கொடுக்கலாம் என்பார் அம்மாயி.

இந்த மீன் யாருடையது? எங்கள் ஊரில் எழுதாத வழக்கு ஒன்று இருந்தது. ஏரிக்குள் கிடப்பது குத்தகைக்காரருடையது. கோடி தாண்டி வழிந்தது ஊராருடையது. ஏரி மீனுக்கு விலை வைப்பது நேற்று வந்த பழக்கமன்று. இடைக்காலக் கல்வெட்டுகளில் ‘பாசிப்பாட்டம்’ என்றொரு வருவாய் வருகிறது. குளத்து மீன்பிடி உரிமைக்காகச் செலுத்தும் பாட்டம் என்று அதற்குப் பொருள் கொள்வர். இன்றைய ‘மீன்பாசி ஏலம்’ என்ற வழக்கிலும் அந்தப் பழைய பாசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனவே முற்காலத்தில் எல்லாம் எல்லார்க்கும் பொதுவாக இருந்தது என்று நாம் கனவு காண வேண்டியதில்லை.

1792இல் திப்பு சுல்தானுடன் செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கும்பினியார் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறைக்கு வித்திட்டது இம்மண்ணில்தான். வயல் தனித்தனி உழவர் பெயரில் ஏறியது. ஏரி அரசின் கணக்கில் நின்றது. அரசு மாறியும் ஏலம் மாறவில்லை. ஆயினும் நாம் கண்ட காலம்வரை பொடிமீனை யாரும் கணக்கில் ஏற்றியதில்லை. எண்ணவும் நிறுக்கவும் தகாத அற்பம் என்ற எண்ணமே அதற்குக் காவலாக இருந்தது எனலாம்.

அந்தக் காவல் தளர்ந்ததற்கு அறிவியலும் ஒரு காரணம். 1957 சூலை 10ஆம் நாள், கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தார். அதுவரை ஓடும் ஆற்றில் திரட்டிவந்த மீன்குஞ்சைப் பண்ணையிலேயே உண்டாக்கும் வழி பிறந்தது. வடநாட்டு ஆறுகளுக்குரிய கட்லாவும் ரோகுவும் மிர்காலும் நம் ஏரிகளுக்கு வந்தன. பல்லாயிரம் வீடுகளுக்கு மலிவாக மீன் கிடைத்ததும் அதனால்தான். அதைக் குறை சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆனால் அந்த வளர்ப்பு முறையின் பாடநூல்கள் நம் பொடிமீனுக்கு ஒரு பெயர் சூட்டின: களைமீன். பெருங்கெண்டைக்குரிய இரையைத் தின்று கெடுப்பது என்பது அதன்மேல் வந்த குற்றச்சாட்டு. குஞ்சு விடுமுன் வளர்ப்புக் குளத்தில் எக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு இட்டு, இருக்கும் மீனையெல்லாம் ஒழித்துவிட வேண்டும் என்பது அவற்றின் பரிந்துரை. பெரிய ஏரிகளில் அவ்வளவு பிண்ணாக்கு கட்டுப்படியாகாது. எண்ணம் மட்டும் பரவிற்று. காசு போட்டுக் குஞ்சு விட்ட குத்தகைதாரர், தம் மீன் தப்பாதிருக்கக் கோடியில் வலை கட்டினார். வாய்க்காலில் வேட்டி பிடித்தவர் அன்றிலிருந்து திருடராகத் தெரிந்தார்.

இவற்றோடு 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கத் திலேப்பியா, ‘ஜிலேபி’ என்று பெயர் மாறி நீர்நிலைகளை நிறைத்தது. நெல்வயலில் பூச்சிமருந்து வந்தது. சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகருக்குள் ஓடிவரும் திருமணிமுத்தாறு சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்தது. குச்சிக்கிழங்கு அரைக்கும் சேகோ ஆலைகளின் கழிவுநீர் இறங்கிய ஏரிகளும் உண்டு. சேற்றிலும் மணலிலும் புதைந்து வாழும் அயிரைக்கு அடிமண் கெட்டால் போக்கிடமில்லை.

களைமீன் என்ற பெயர் தவறென்று சொல்லும் ஆய்வு வங்கதேசத்திலிருந்து வந்தது. டிரினிடாடில் இந்திய வழிவந்த குடும்பத்தில் பிறந்த சகுந்தலா ஹரக்சிங் தில்ஸ்டெட், அங்குள்ள ‘மோலா’ என்னும் பொடிமீனை ஆராய்ந்து, அதில் வைட்டமின் ஏ மிகுதியாக இருப்பதையும், முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச்சத்து உடலில் சேர்வதையும் காட்டினார். அந்த வைட்டமினில் பெரும்பங்கு கண்ணிலும் குடலிலும் இருக்கிறது. தலையைக் கிள்ளி எறிந்தால் அதுவும் போயிற்று. மோலாவைப் பெருங்கெண்டையோடு ஒரே குளத்தில் வளர்த்தாலும் கெண்டையின் விளைச்சல் குறைவதில்லை என்பதும் தெரிந்தது. 2021ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. மோலாவின் உறவு வகைகள் நம் தென்னாட்டு ஏரிகளிலும் உண்டு.

பழியை ஏலத்தின்மீதும் ஆலையின்மீதும் மட்டும் போட்டுவிட்டு நாம் விலகிவிட முடியாது. பள்ளிக்குப் பொடிமீன் குழம்பு கொண்டுபோக வெட்கப்பட்டவர்கள் நாங்கள்தாம். மேட்டூர்க் கட்லாவைத் துண்டு போட்டு வாங்கி வருவதே எங்கள் வீட்டிலும் கௌரவமாக இருந்தது. இன்று மதுரை உணவகங்களில் அயிரைக் குழம்பு விலையுயர்ந்த பண்டமாகிவிட்டபோது, அதே நாங்கள் வரிசையில் நின்று உண்டு, ஊர் நினைவு வந்தது என்கிறோம். ஏழைப் பிள்ளையின் களிக்குத் துணையாக இருந்தது ஏக்கப்பட வசதியுள்ளவரின் இலைக்குப் போய்விட்டது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் கோடையில் நீர் வற்றும்போது ஊர்கூடிக் கண்மாயில் இறங்கும் மீன்பிடித் திருவிழா இன்றும் நடக்கிறது. அவ்வளவு பெரிய விழா நமக்கு வேண்டாம். ஏல நிபந்தனையில் ஒரு வரி போதும்: கோடி தாண்டியது ஊருக்கு.

சென்ற ஐப்பசியில் ஒரு மாணவி, தம் ஊர் வாய்க்காலில் பிடித்ததென்று ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பழுப்பு உடலில் கரும்புள்ளி ஓடிய ஐந்து மீன்கள், அடியில் இருந்த மணலைக் கிளறிக்கொண்டிருந்தன. ‘இதுதானுங்களா சார்?’ என்றார். இதுதான் என்றோம். வகுப்பு முழுவதும் எழுந்து வந்து பார்த்தது. ஐந்து மீனில் குழம்பு வைக்க முடியாது. மாலையில் ஊருக்குப் போனதும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடும்மா என்று சொல்லி அனுப்பினோம்.