காங்கேசன்துறை வீதியும் நெடும்பயணத்தின் முதல் நாளும்

காங்கேசன்துறையிலிருந்து தெற்கு நோக்கிச் சைக்கிளில் புறப்படுவோருக்கு முதல் நாளின் பெரும்பகுதி குடாநாட்டுக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கொக்குவில் ஆகிய ஊர்களை ஊடறுத்து யாழ்ப்பாண நகரை அடையும் காங்கேசன்துறை வீதியும், அங்கிருந்து கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம், பளை வழியாக ஆனையிறவுக்குச் செல்லும் கண்டி வீதியும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர் நீளமானவை. சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்த சமதரையாகையால் வழியில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. வைத்தியசாலைக்கோ பாடசாலைக்கோ நிதி திரட்டப் புறப்படும் நண்பர் குழுவொன்று ஒரே பகலில் கடக்கக்கூடிய இத்தூரத்தை, 1990க்குப் பின்னர் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் எவராலும் தொடக்கம் முதல் முடிவு வரை கடக்க முடியாதிருந்தது.

நெடுவழிப் பயணத்தையும் தருமத்தையும் இணைத்துப் பார்ப்பது குடாநாட்டில் பழைய வழக்கமே. தலைச்சுமையை இறக்கி வைப்பதற்கான சுமைதாங்கி, கால்நடைகள் உடலை உராய்ந்துகொள்வதற்கான ஆவுரோஞ்சிக் கல், அவை நீர் அருந்துவதற்கான தொட்டி, வழிப்போக்கர் இரவில் தங்குவதற்கான மடம் ஆகியவற்றைத் தெருவோரத்தில் அமைப்பது செல்வருக்குரிய அறமாகக் கருதப்பட்டது. பருத்தித்துறையில் வீதியின் மேலேயே கூரை போட்டதுபோல நிற்கும் தெருமூடிமடம் இவ்வகைக் கட்டடங்களுள் இன்றும் காணத்தக்க ஒன்று. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் தொடங்கிக் கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரை செல்லும் பாதயாத்திரையும் இந்த ஏற்பாட்டை நம்பியே நடைபெற்றது. ‘சாமி’ என விளிக்கப்படும் யாத்திரிகர் கையில் பொருளின்றிப் புறப்பட, வழியிலுள்ள ஊரவர் சோறும் நீரும் கொடுத்தனர். அதாவது, நடப்பவர் தானம் பெறுபவராகவும் வீதியோரத்தில் இருப்பவர் கொடுப்பவராகவும் இருந்தனர்.

காங்கேசன்துறையின் பெயரே ஒரு வருகையோடு தொடர்புபடுத்தப்படுகிறது: மாவிட்டபுரம் கோயிலுக்குரிய காங்கேயன், அதாவது முருகன், திருவுருவம் வந்திறங்கிய துறை என்பது தலபுராண மரபு. ஆயினும் அதை நவீன காலத்தில் ஒரு பயண முனையாக்கியது புகையிரதமே. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் திறக்கப்பட்ட பாதை 1905இல் தென்னிலங்கை வலையமைப்போடு இணைந்ததும், நெடுந்தூரம் செல்வோர் வீதியைக் கைவிட்டனர், மடங்கள் வெறிச்சோடின. உள்ளூர்ப் போக்குவரத்துக்கு எஞ்சிய வீதியை, அரச ஆவணங்கள் ‘துவிச்சக்கரவண்டி’ என்றும் மக்கள் ‘சைக்கிள்’ என்றும் குறிப்பிடும் ஊர்தி படிப்படியாகத் தனதாக்கிக்கொண்டது. றலி, ஹம்பர் போன்ற ஆங்கிலேய வண்டிகளைத் துடைத்து எண்ணெயிட்டு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பது யாழ்ப்பாணத்துச் சிக்கனத்துக்கு உகந்த செயலாக இருந்தது. கைத்தொழில் அமைச்சராக ஜி. ஜி. பொன்னம்பலம் பதவி வகித்த காலத்தில், 1950இல், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அவர் நிறுவிய தமிழ்க் காங்கிரசின் தேர்தற் சின்னமும் சைக்கிளாக அமைந்தமை தற்செயலாயினும் பொருத்தமானது.

1990 யூனில் போர் மீண்டும் வெடித்ததோடு வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர், தொழிற்சாலை நின்றது, புகையிரதமும் நின்றது, காங்கேசன்துறை உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. எஞ்சிய குடாநாட்டின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காமற்போக, மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓட, சைக்கிளே விறகு வண்டியாகவும், சந்தைக்கு மரக்கறி ஏற்றும் வண்டியாகவும், நோயாளியைக் கரியரில் இருத்திச் செல்லும் அம்புலன்சாகவும் ஆயிற்று. மின்சாரமற்ற வீடுகளில் அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். குடாநாட்டைவிட்டு வெளியேற வேண்டியவர்கள் ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்தமையால் கொம்படி–ஊரியான் வெளியில் இடுப்பளவு நீரில் சைக்கிளை உருட்டியும், பின்னர் கிளாலிக் கடல்நீரேரியில் இரவுநேரப் படகில் அதை ஏற்றியும் அக்கரை சேர்ந்தனர். எரிபொருள் தட்டுப்பாடு 2022இல் நாடு முழுவதையும் வாட்டியபோது கொழும்பில் சைக்கிள் ஒரு புதுமைபோலப் பேசப்பட்டதை யாழ்ப்பாணத்தவர் சற்றே நகைப்புடன் நோக்கியிருந்தால் அது மன்னிக்கத்தக்கதே.

கண்டி வீதி 2002இல் திறக்கப்பட்டு, 2006இல் மூடப்பட்டு, போர் முடிந்த பின்னரே மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்தது. காங்கேசன்துறைக்குப் புகையிரதம் 2015 சனவரியில்தான் திரும்பியது. சுற்றியுள்ள காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன.

இவ்வாறு திறந்த பாதையிலேயே நிதிசேர் பயணம் என்னும் புது வழக்கம் வந்தது. செல்லும் தூரத்தை முன்வைத்து நண்பர், உறவினர், தொழில்நிறுவனங்களிடம் நன்கொடை பெறும் இம்முறை மேற்குலகில் வேரூன்றியது. இலண்டனிலிருந்து பிறைற்றனுக்குச் செல்லும் சைக்கிள் பயணம் 1976இல் தொடங்கியதாகும். இலங்கையில் இதன் பெரிய எடுத்துக்காட்டு நடைப்பயணமாகவே அமைந்தது. ‘ட்ரெயில்’ என்னும் இயக்கத்தினர் 2011இல் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016இல் அதே பாதையை எதிர்த்திசையில் நடந்து, காலிக்கு அருகிலுள்ள கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக நிதி சேர்த்தனர். மடங்களின் காலத்து ஒழுங்கு இங்கே தலைகீழாகிறது: பயணியே தானத்தைத் திரட்டுபவர், பெறுபவரோ அவர் காணாத நோயாளர். ஆயினும் பழைய ஒழுங்கு முற்றாக அழியவில்லை; ஊர்மக்கள் வழிமறித்து இளநீரும் மோரும் கொடுப்பது நன்கொடைக் கணக்கில் சேராத தருமம்.

காங்கேசன்துறையில் தொடங்கும் சைக்கிள் குழு முதல் அரைமணி நேரத்திலேயே தெல்லிப்பழையையும், சற்றுப் பின்னர் அமெரிக்க மிஷன் 1898இல் பெண்களுக்காக வைத்தியசாலை நிறுவிய இணுவிலையும் கடந்துவிடும். அன்றைய உழைப்பைத் தீர்மானிப்பது பாதையைவிடக் காற்றே. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம், மரமோ மதிலோ இல்லாத ஆனையிறவு வெளியில் சைக்கிளை எதிரிலும் பக்கவாட்டிலும் தள்ளும். அதே வெளியை வடகிழக்கு வாடை வீசும் தை மாதத்தில், வெயிலும் தணிந்திருக்க, குறைந்த சிரமத்தோடு கடக்கலாம். ஆகவே புறப்படும் மாதத்தைத் தேர்வது முதல் நாள் ஏற்பாடுகளுள் முதன்மையானதாகிறது.