கண்ணாடித் தொட்டியும் களப்பு நீரும்

கல்முனைக் கரையோரத்தில் மீன் என்றவுடன் மக்கள் மனத்தில் எழுவது தோணியும் கரைவலையுமே. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை, கிழக்கே கடல், மேற்கே வயல், இரண்டுக்கும் இடையே களப்பும் தோணாவும் வாய்க்காலுமாக நீர் ஓயாது நடமாடும் நிலம் இது. இத்தகைய ஊர்களில், மீனைக் கறிக்கன்றிக் கண்டு மகிழ்வதற்காகக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பதும், அதனைக் குஞ்சு பொரிக்கச் செய்வதும் முதியோர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அப்பழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை அறியாது தொட்டி வைப்பவர், தீய எண்ணம் சிறிதும் இன்றியே ஊர் நீருக்குத் தீங்கு செய்துவிடுதல் கூடும்.

சீன நாட்டில் சொங் அரச மரபினர் ஆண்ட காலத்திலேயே, அதாவது 960 ஆம் ஆண்டுக்கும் 1279 ஆம் ஆண்டுக்கும் இடையில், பொன்மீன்களைக் குளங்களிற் பேணி இனம் பெருக்கினர். ஆனால் அவற்றை மேலிருந்து நோக்கலாமேயன்றிப் பக்கத்திலிருந்து காண இயலாது. அதற்கு மலிவான கண்ணாடி வேண்டியிருந்தது. பிரித்தானியாவில் கண்ணாடிமீது விதிக்கப்பட்டிருந்த வரி 1845 இல் நீங்கியது, விலையும் இறங்கியது. 1850 இல் ரொபேட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் இலண்டனில் ஒரு தொட்டியில் இரு பொன்மீன்களையும் நீர்ச்செடியையும் இட்டு ஆராய்ந்தார். செடி மீனுக்கு ஒட்சிசனை அளித்தது. ஆயின் அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. அப்போது அவர் குளத்து நத்தைகளைச் சேர்த்தார். நத்தைகள் அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. ஓர் உயிரின் கழிவு மற்றோர் உயிரின் உணவாகும் இயற்கைச் சுழற்சியை, அச்சிறு தொட்டி வீட்டுக்குள்ளேயே காட்டிற்று.

1853 இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் மீன்தொட்டியை ஆங்கிலேயரின் இல்லங்கள்தோறும் கொண்டு சென்றது. 1909 இல் சென்னை மெரினாக் கடற்கரையிலும் ஒரு மீன்காட்சிச்சாலை தோன்றியது. இலங்கையில் தெஹிவளை விலங்குக் காட்சிச்சாலையை 1936 இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. அங்கு அமைந்த மீன்காட்சிச்சாலை, பாடசாலைச் சுற்றுலாச் சென்ற பிள்ளைகள் பலருக்கு அயல்நாட்டு மீன்களை அறிமுகம் செய்தது.

வாரிங்டனின் தொட்டியில் நத்தை செய்த துப்புரவுத் தொழிலைப் பின்னாளில் ஒரு தென்னமெரிக்க மீனிடம் ஒப்படைத்தனர். அதுவே பிளெக்கோ. உடலெங்கும் செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள். அடிப்புறத்தில் உறிஞ்சும் வாய். அவ்வாயாற் கல்லையும் மரத்தையும் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். 1758 இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், சூரினாமிலிருந்து கிடைத்த இத்தகைய மீன் ஒன்றுக்கு அறிவியற் பெயர் சூட்டினார். பிளெக்கோக்களின் குடும்பம் மிகப் பெரிது. விற்பனைக்கு வந்த புதிய வகைகளுக்குப் பெயரிடவும் அறிஞருக்குப் பொழுது போதாமையால், 1988 இல் ஜெர்மனிய மீன் இதழொன்று அவற்றுக்கு எண் இடும் முறையைத் தொடங்கியது. அம்முறை இன்றும் வழங்குகிறது.

இக்குடும்பத்துள் ஒருவகையே நம் நாட்டுக் கடைகளில் டேங்க் கிளீனர் என்னும் பெயரில் விலையாகிறது. வாங்கும்போது அது விரல் நீளமே இருக்கும். வளர்ந்தபின் ஒன்றரை அடியை எட்டும். அப்போது தொட்டி போதாது. கொல்லவும் மனம் வராது. ‘பாவம், பிழைத்துப் போகட்டும்’ என்று இரக்கமுள்ள ஒருவர் அதனை வாய்க்காலில் விடுகிறார். தீங்கு தொடங்குவது அந்த இரக்கத்திலேதான். கண்ணாடித் தொட்டியில் முட்டையிடாத இம்மீன், ஆற்றங்கரை மண்ணிலே ஆழ்ந்த வளை தோண்டி ஏராளமாகப் பெருகும். வளைகள் மிகுந்தால் கரை தளர்ந்து சரியும். இலங்கையின் நீர்நிலைகள் சிலவற்றில் இது குடிபுகுந்துவிட்டது.

இதனால் விளையக்கூடியதை அறிய மெக்சிக்கோவை நோக்குதல் தகும். அங்கு இன்பியர்னியோ என்றொரு பெரிய நீர்த்தேக்கம் உண்டு. திலாப்பியா மீன்பிடியே அதன் கரைவாழ் மக்களுக்குச் சோறு போட்டது. பிளெக்கோ அந்நீரிற் பெருகியபின், திலாப்பியாவுக்கென விரித்த வலைகளில் அதுவே மிகுதியாகச் சிக்கலாயிற்று. அதன் முட்கள் வலையைக் கிழித்தன. பிடித்த மீனோ விலைபோகவில்லை.

இச்செய்தி அம்பாறை மாவட்டத்தாருக்குத் தொலைவானதன்று. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தினால் சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, நாட்டின் குளங்களிலே ஏழை மக்களின் மலிவான உணவாயிற்று. அதுவும் அயல்மீன்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மை. ஆனால் அது உணவுக்கென்று கருதி, பொறுப்பான துறையினர் கொண்டுவந்த மீன். டேங்க் கிளீனரோ எவரும் கருதாமல், எவரும் பொறுப்பேற்காமல் நீரிற் புகுந்த மீன். சமுத்திரத்தின் நீர் வாய்க்கால் வழியே சம்மாந்துறை வயலுக்கும் கரைவாகு வயலுக்கும் பாய்ந்து களப்பை அடைகிறது. அவ்வழியில் ஓரிடத்தில் விடப்பட்ட மீன் ஓரிடத்திலேயே நிற்பதில்லை.

ஆகையால், பிளெக்கோ வளர்க்க விரும்பும் புதியவர் முதலிற் செய்யவேண்டியது இனத்தைத் தெரிவதே. பிறிசில்நோஸ் எனப்படும் சிறுவகை இதற்கு ஏற்றது. அது நான்கைந்து அங்குலத்துக்கு மேல் பெரும்பாலும் வளராது. கண்ணாடித் தொட்டியிலேயே இனம் பெருக்கும். ஆணின் மூக்கின்மேல் கிளைத்த தசைமுளைகள் தோன்றும். அதனால் ஆண் பெண் அறிதலும் எளிது.

அடுத்து, மீன் வருமுன் நீர் ஆயத்தமாக வேண்டும். மீனின் கழிவிலிருந்து நச்சாகிய அமோனியா பிறக்கும். ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாகவும், மற்றொருவகை அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். மண்ணிலே நிகழும் இம்மாற்றத்தை 1890 ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி விளக்கினார். அதே செயல் தொட்டியிலும் நிகழ வேண்டும். 100 லீற்றர் கொள்ளும் தொட்டியில் காற்றுப்பம்பினால் இயங்கும் பஞ்சு வடிகட்டியை அமைத்து, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை இட்டு, நான்கு முதல் ஆறு வாரங்கள் பொறுத்திருத்தல் வேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் அற்றுப்போயின என்று சோதித்தறிந்த பின்னரே மீனை விடலாம். உவர்ப்பேறிய கரையோரக் கிணற்று நீர் ஆகாது. குழாய் நீராயின் குளோரீனை நீக்க வேண்டும். கடும் வெப்பத்தில் நீர் தாங்கும் ஒட்சிசன் குறையுமாதலால், தொட்டியை வெயில் படாத இடத்தில் வைத்துக் காற்றை இடையறாது செலுத்துதல் நன்று.

ஓர் ஆணும் இரு பெண்களும் போதும். சுரண்டித் தின்ன ஊறிய மரத்துண்டும், ஒளிந்து வாழ ஒரு பக்கம் அடைத்த மண்குழாயும் வேண்டும். துளையிட்ட சிரட்டையும் உதவும். அவித்த பூசணித் துண்டும் கெக்கரியும் உணவாகும். வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். பருவம் வந்ததும் பெண் குகைக்குள் செம்மஞ்சள் முட்டைக் குலையை இட்டு நீங்கிவிடும். அதன்பின் காவல் முழுவதும் தந்தைக்கே. ஆண்மீன் வாயிலை அடைத்துக்கொண்டு, முட்டைகள்மீது நீரோட்டம் படுமாறு செட்டையால் விசிறியபடி இருக்கும். சில நாட்களிற் குஞ்சுகள் பொரிக்கும். வயிற்றிலுள்ள மஞ்சட்கரு தீரும்வரை குகையைவிட்டு அவை அகலா.

குஞ்சுகள் பெருகும்போதுதான் வளர்ப்பவருக்குச் சோதனை வருகிறது. மிகுந்தவற்றை வேறு வளர்ப்பாளருக்கோ கடைக்காரருக்கோ கொடுக்கலாம். கொள்வார் இல்லையெனில் குகையை எடுத்துவிட்டு இனப்பெருக்கத்தை நிறுத்தலாம். தோணாவிலோ வாய்க்காலிலோ ஒன்றையேனும் விடலாகாது. சிறிய இனமாயினும் விதி ஒன்றே. மாற்றிய தொட்டிநீரைக்கூட வடிகானில் ஊற்றாது தென்னையடியில் ஊற்றினால், நைத்திரேற்று மரத்துக்கு எருவாகும்.

2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியபோது இக்கரையோரக் கிணறுகளில் உவர்நீர் புகுந்தது. இறைத்தும் மழையை எதிர்பார்த்தும் நன்னீருக்காகக் காத்திருந்த குடும்பங்கள், கெட்ட நீர் மீள்வது எத்துணை அரிது என்பதை அறியும். கடலைத் தடுக்க மனிதரால் இயலவில்லை. ஒரு மீனை வாய்க்காலில் விடாமல் இருக்க எவராலும் இயலும். பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை இவ்வூர்களில் அமானிதம் என்பர். தொட்டியிலுள்ள மீனும் அமானிதமே; தொட்டிக்கு வெளியே ஓடும் ஊர் நீரும் அமானிதமே.