துரோகமா, கூட்டணியா?

கட்டபொம்மனைத் தொண்டைமான் காட்டிக்கொடுத்தார் என்பதோடு நம்மாட்கள் கதையை முடித்துவிடுகிறார்கள். அவருக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் ‘துரோகம்’ என்ற சொல் ஒரு மனிதனைப் பிடித்துக்கொண்டு, கூட்டணி என்கிற எந்திரத்தைத் தப்பவிடுகிறது. 1751-52 திருச்சி முற்றுகையிலேயே கும்பினித் தரப்புக்குப் புதுக்கோட்டையிலிருந்து தானியமும் ஆளும் போயாயிற்று. 1799இல் தன் எல்லைக்குள் பிடிபட்டவரைத் தொண்டைமான் ஒப்படைத்தார்; அக்டோபர் 16, கயத்தாறில் தூக்கு. 1803இல் வெகுமதி, கீழாநிலைக் கோட்டையும் சீமையும். அதிலும் நிபந்தனை: கைமாற்றக் கூடாது, குடிகளைக் கொடுமைப்படுத்தினால் திரும்பப் பிடுங்கப்படும். எது கொடுமை? கும்பினிதான் சொல்லும். சமஸ்தானம் 1948வரை பிழைத்தது. போரா சமாதானமா என்று தீர்மானிக்கிற உரிமை பிழைக்கவில்லை. சமமற்றவர்களின் கூட்டுப் பாதுகாப்பில் சின்னவன் தருவது சோறும் ஆளும். எதிரி யாருன்னு சொல்றது பெரியவன். இன்றைய ராணுவ ஒப்பந்தங்களையும் கீழாநிலையிலிருந்து வாசிக்கலாம்.