கார் சர்வீஸ்: காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு தொழிலின் வரலாறு

சென்னை மாகாணத்தில் மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழில் குதிரை வண்டிப் பட்டறைகளில் தொடங்கியது. 1840இல் உருவான சிம்ப்சன் நிறுவனம் சென்னையில் கோச்சு வண்டிகளைக் கட்டி வந்தது. 1903இல் அந்நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரை உருவாக்கினார். 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவிய டி.வி.எஸ். நிறுவனம் தென் மாவட்டங்களில் பேருந்து ஓட்டியதோடு வாகன விற்பனையிலும் பராமரிப்பிலும் இறங்கியது. விற்றவரே பழுதையும் பார்ப்பார், உதிரிபாகமும் தருவார் என்ற வழக்கம் இத்தகைய நிறுவனங்களால் வேரூன்றியது.

விடுதலைக்குப் பின் வெளிநாட்டு நிறுவனங்கள் வெளியேறின. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1950களின் நடுப்பகுதிக்குள் இந்திய உற்பத்தியை நிறுத்திக்கொண்டன. அம்பாசடர், பிரீமியர், ஸ்டாண்டர்டு என மூன்று பெயர்களே கார் சந்தையில் நிலைத்தன. இவற்றுள் ஸ்டாண்டர்டு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில் தயாரானது. 1961 முதல் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு அத்தொழிற்சாலையின் புகழ்பெற்ற கார்.

அந்தக் காலத்துக் கார்கள் அடிக்கடி கவனிப்பைக் கேட்டன. முன் சக்கர இணைப்புகளுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும்; பாயின்ட் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும்; கார்பரேட்டரை டியூன் செய்ய வேண்டும். எஞ்சின் ஆயிலும் விரைவில் கெட்டுவிடும். ஆனால் வேலை எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஸ்பானர் பெட்டியும் பழகிய காதும் உள்ள மெக்கானிக் மரத்தடியிலேயே எஞ்சினைப் பிரித்து மாட்டினார். காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் ஏறக்குறைய 30 கி.மீ. தொலைவில் உள்ளன. நகரங்களிலிருந்து இப்படித் தள்ளியிருந்த கிராமப்புறங்களில் தொழில் ஆசானிடமிருந்து சீடனுக்குச் சென்றது. சிறுவயதில் பட்டறையில் சேர்ந்து, கருவி எடுத்துக் கொடுத்து, பார்த்துப் பார்த்துக் கற்றவர்களே பின்னாளில் தனிக் கடை வைத்தார்கள். எப்போது எதை மாற்றுவது என்பதை வண்டியின் சத்தமும் ஓட்டுநரின் அனுபவமும் முடிவு செய்தன.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவி வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டதிலிருந்து இந்த முறை மாறத் தொடங்கியது. காருடன் ஒரு சர்வீஸ் புத்தகம் வந்தது. முதல் சில சர்வீஸ்களுக்கு இலவசக் கூப்பன்கள் இருந்தன. இலவசம் என்பது கூலிக்கு மட்டுமே. ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் வாடிக்கையாளர் பணம் கட்ட வேண்டும். குறித்த கிலோமீட்டரில் அல்லது குறித்த மாதத்தில், எது முந்துகிறதோ அப்போது வண்டியைக் கொண்டுவர வேண்டும் என்ற விதி பரவியது. ஜாப் கார்டு, எஸ்டிமேட், சர்வீஸ் அட்வைசர் என்பவை புதிய வழக்கங்களாயின.

அடுத்த மாற்றம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு உள்ளேயே நிகழ்ந்தது. 1996இல் தொடங்கப்பட்ட ஹூண்டாயின் இந்திய நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்து, 1998இல் சான்ட்ரோவை வெளியிட்டது. அன்று இம்மாவட்டத்தில் இருந்த மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை எழுந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. இந்த ஆலைகளின் கார்களில் கார்பரேட்டர் இல்லை. கணினி எரிபொருளை அளந்து செலுத்தியது. பழுதைக் கண்டறிய ஸ்கேனர் தேவைப்பட்டது. ஸ்கேனரும் தொழில்நுட்பக் கையேடும் அசல் உதிரிபாகமும் டீலர்களிடமே இருந்ததால், கார் தயாராகும் மாவட்டத்திலேயே ஊர் மெக்கானிக்கின் கை கட்டுண்டது. வெளியில் பழுதுபார்த்தால் வாரண்டி போய்விடும் என்ற அச்சமும் வாடிக்கையாளரை டீலரிடமே நிறுத்தியது.

அந்த நிலையில் டீலர்களின் பட்டியலும் நீண்டது. எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், டெஃப்லான் கோட்டிங், ஏசி கிருமிநீக்கம் போன்றவை சர்வீஸ் பில்லில் இடம்பெறலாயின. இவற்றில் பல, தயாரிப்பாளரின் கால அட்டவணையில் இல்லாதவை. அட்டவணையில் உள்ளது வண்டியின் தேவை. இல்லாதது டீலரின் பரிந்துரை. கடினமான சூழலில் ஓடும் வண்டிகளுக்கு அந்த அட்டவணையே தனிக் கணக்கும் சொல்கிறது. கல் குவாரிகளும் கிரஷர்களும் உள்ள உத்திரமேரூர் வட்டத்தில் தூசியில் ஓடும் கார்களுக்கு அது மிகவும் பொருந்தும்: ஏர் ஃபில்டரை வழக்கத்தைவிட முன்னதாகப் பார்ப்பது அங்கே உண்மையான தேவை.

டீலர் வட்டத்துக்குள் அடைபட்ட இந்தச் சந்தையைச் சட்டம் 2011இல் கேள்விக்கு உள்ளாக்கியது. அவ்வாண்டு தாக்கலான ஒரு புகாரை இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களைத் திறந்த சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும், பழுதறியும் கருவிகளும் கையேடுகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும், வெளியில் பழுதுபார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை முழுதாக மறுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. தனி உத்தரவு ஒன்றில் 2015இல் ஹூண்டாய்க்கும் சுமார் 420 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. தன்முன் வந்த மேல்முறையீடுகளில், தவறு நடந்தது என்ற முடிவை 2016இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஏற்றாலும் அபராதத்தைக் குறைத்தது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் வாரண்டிச் சட்டம் ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பே இதே திசையில் சென்றிருந்தது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்குபவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் செய்ய வழிசெய்தது. அதே ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. 2021இல் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, ஏற்கெனவே விற்ற கார்களுக்கான சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று உறுதியளிக்க நேர்ந்தது. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கியது. பராமரிப்புக் கையேடு, உதிரிபாகம், வாரண்டி விவரங்களை நிறுவனங்கள் அதில் வெளியிடுகின்றன. கார் வைத்திருப்பவர் எஸ்டிமேட்டை அட்டவணையோடு ஒப்பிட்டு, தேவையற்ற வேலையை நீக்கச் சொல்லிவிட்டுப் பின் கையெழுத்திடலாம். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லலாம். வாரண்டி முடிந்தபின் டீலரா, ஊர் மெக்கானிக்கா என்பதும் அவருடைய தேர்வே.